பிறர் உயிரின் மீது நாம் தவக்குல் வைக்கலாமா?

புயல் எச்சரிக்கை யாருக்காக விடப்படுகிறது? வானொலி சொல்கிறது, தொலைக்காட்சி சொல்கிறது, இப்போது கைப்பேசியும் அலறுகிறது. செவியுள்ளவர் கேட்கிறார், புத்தியுள்ளவர் விளங்கிக்கொள்கிறார், காலில் வலுவுள்ளவர் எழுந்து கிளம்புகிறார். இம்மூன்றில் ஏதேனும் ஒன்றை அல்லாஹ் எடுத்துக்கொண்டுவிட்ட ஒரு மனிதரும் அதே கூரையின் கீழ்தான் படுத்திருக்கிறார். அவருக்கு அந்த எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்? பராமரிக்கும் நம் வழியாக மட்டுமே சேரும். வேறு வழியில்லை.

தல்லாகுளத்தில் உட்கார்ந்துகொண்டு புயலைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். வைகையின் வடகரையில், கோரிப்பாளையம் தர்காவுக்கு அண்டையில் வாழும் நமக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு? உண்மையைச் சொன்னால், மதுரைச் சமவெளிக்காரர்களுக்குப் புயல் என்றால் உள்ளூர ஒரு மகிழ்ச்சிகூட உண்டு. கண்மாய் நிரம்பும், கிணறு ஊறும். ஆது கூட்டத்தாரும் தங்கள் பள்ளத்தாக்கை நோக்கி வந்த மேகத்தைக் கண்டு, மழை வருகிறது என்றுதான் மகிழ்ந்தார்கள். அதில் வந்தது என்ன என்பதை அஹ்காஃப் அத்தியாயத்தில் ஓதியிருக்கிறோம். வானில் மேகம் திரண்டால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் மாறிவிடும் என்றும், உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருப்பார்கள் என்றும், மழை இறங்கிய பிறகே அந்தக் கவலை நீங்கும் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். காற்றுக்கு அஞ்சுவது ஈமானின் குறைவு என்று எண்ணுவோர் இந்த அறிவிப்பைச் சற்று நிதானமாகப் படிக்கவேண்டும்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை விழுங்கிய புயலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். பாம்பனிலிருந்து சென்ற பயணி ரயில், அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அலையில் போயிற்று. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சின்னாபின்னமாக்கிய புயல் மறுநாளே ராமநாதபுரம் கரையில் ஏறியது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா, முத்துப்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் தென்னந்தோப்புகளை முறித்துப் போட்டுவிட்டு, புதுக்கோட்டை, திண்டுக்கல் என்று உள்நாட்டுக்குள் வந்து, கொடைக்கானல் மலையையும் உலுக்கிவிட்டுத்தான் கேரளத்துக்குப் போயிற்று. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அது புயல்கூட அல்ல. வானத்தில் ஒரு சுழற்சி, அவ்வளவுதான். நம் ஊரிலேயே 2024 அக்டோபர் 25 பிற்பகல் சில மணி நேரம் பெய்த மழைக்குச் செல்லூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் கண்டோம். குளம் என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருக்கும் பேட்டையில் குடியிருக்கும் நாம், தண்ணீர் தன் பழைய இருப்பிடத்தைத் தேடி வந்தால் ஆச்சரியப்படுவது விந்தைதான்.

ஆகவே, சமவெளியிலுள்ள ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். ஆற்றோரத் தெரு. மகன் தம்மாமில் வேலை பார்க்கிறார். வீட்டில் மருமகள், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், மகனுடைய தாயார். தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு காலத்தில் தெருப் பெண்களுக்கெல்லாம் யாசீன் ஓதக் கற்றுக்கொடுத்தவர். இன்று மகனின் பெயரே நினைவில்லை. மருமகளைத் தம் தங்கை என்று எண்ணிப் பேசுகிறார். அஸருக்குப் பிறகு, “எங்க அத்தா கூப்பிடுறாக, நான் போகணும்” என்று வாசலுக்கு நடக்கத் தொடங்கிவிடுவார். இரவு இரண்டு மணிக்கு வாசற்படிக்கு மேல் தண்ணீர் ஏறுகிறது, மின்சாரம் இல்லை, அம்மா கட்டிலை விட்டு இறங்க மறுக்கிறார், பிடித்தால் அடிக்கிறார். அந்தப் பெண் என்ன செய்யவேண்டும்? பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மாமியாருக்காகத் திரும்பி வருவதா? நால்வரும் ஒன்றாக இருந்து என்ன வந்தாலும் பார்ப்பதா?

இதற்கு நம் வீடுகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒன்றுண்டு: “அல்லாஹ் இருக்கான், அவன் பாத்துக்குவான்.” சொல்லில் பிழையில்லை. ஆனால் அது சொல்லப்படும் நேரத்தைத்தான் கவனிக்கவேண்டும். இரவு இரண்டு மணிக்கு, செய்வதற்கு வேறொன்றும் இல்லாதபோது, அது தவக்குல். முந்தின நாள் நண்பகலில், செய்வதற்கு ஏராளம் இருந்தபோது சொல்லப்பட்டால் அதற்கு வேறு பெயர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு அண்ணலார் (ஸல்) அறிவுறுத்தியது எல்லோரும் அறிந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவை நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்விப்பட்டு ஸர்கு என்ற இடத்திலிருந்தே படையைத் திருப்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அவனது ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். இந்த நிகழ்ச்சிகளை மேடைகளில் பலமுறை கேட்டுவிட்டோம். ஆகையால் இதில் நீண்ட விளக்கம் தேவையில்லை.

நாம் கேட்க விரும்பும் கேள்வி இதற்கு அடுத்தது. தம் உயிரை அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டு ஒருவர் அமர்ந்திருக்கலாம். அது அவருக்கும் அவன் ரப்புக்கும் இடையே உள்ள விவகாரம் என்றுகூட வைத்துக்கொள்வோம். ஆனால், தன்னால் ஒப்படைக்கவோ மறுக்கவோ இயலாத மற்றொருவரின் உயிரை, அவர் சார்பில் நாம் ஒப்படைத்துவிட்டு அமர்ந்திருக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

மூன்று பேரை விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்ற நபிமொழியை நாம் அறிவோம்: உறங்குபவர், குழந்தை, புத்தி சுவாதீனம் இழந்தவர். மறதி நோயில் வெகுதூரம் போய்விட்டவர் இந்த மூன்றாமவரோடு சேர்கிறார் என்பதில் உலமாக்களிடையே பெரிய சர்ச்சை இல்லை. அவருக்குத் தொழுகை கடமையில்லை, நோன்பு கடமையில்லை. அப்படியானால் புயலுக்கு முன்னேற்பாடு செய்யும் கடமையும் அவர் மீது இல்லை. கடமை அவரை விட்டு நீங்கியதால் அது காற்றில் கரைந்துவிட்டதா? குழந்தையின் சொத்துக்கு ஜகாத் உண்டா இல்லையா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் குழந்தையின் சொத்தைக் காக்கவேண்டியவர் பொறுப்பாளி என்பதில் எவருக்கும் வேற்றுமை இல்லை. சொத்துக்கே இப்படியென்றால் உயிருக்கு?

அமானத்தின் சட்டத்தையும் பார்ப்போம். நம்மிடம் ஒருவர் ஒப்படைத்த பொருள், நம் கை மீறிய விபத்தில் அழிந்தால் நாம் ஈடு கொடுக்கவேண்டியதில்லை. நமது அசட்டையால் அழிந்தால் கொடுத்தே ஆகவேண்டும். வெள்ளம் கை மீறியதுதான். ஆனால் வைகை அணைக்கு 71 அடி உயரம். நீர் 66 அடியைத் தொட்டதும் கரையோரத்தாருக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று முறை வைத்து அறிவிக்கிறார்கள். புயலுக்கும் அப்படியே: கரையோர மாவட்டங்களுக்கு 48 மணி நேரத்துக்கு முன் ஓர் அறிவிப்பு, 24 மணி நேரத்துக்கு முன் மற்றொன்று, கரை கடப்பதற்கு ஏறத்தாழ 12 மணி நேரத்துக்கு முன் உள்நாட்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒன்று. இத்தனை முறை தட்டப்பட்ட கதவின் உள்ளே இருந்துகொண்டு, கை மீறிவிட்டது என்று சொல்லும் வாய் நமக்கு இருக்குமா?

மனிதன் அறிந்திருந்தவை அனைத்தையும் இழந்து, ஒன்றும் அறியாதவனாகிவிடும் இழிந்த முதுமையைப் பற்றி அல்லாஹ் நஹ்ல் அத்தியாயத்திலும் ஹஜ்ஜு அத்தியாயத்திலும் குறிப்பிடுகிறான். அந்த முதுமையை விட்டு நபிகள் நாயகம் (ஸல்) பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். மருத்துவர்கள் இன்று டிமென்ஷியா என்று பெயரிட்டு அழைப்பது இதைத்தான் என்று தோன்றுகிறது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு 7 பேருக்கும் மேலாக, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இது இருப்பதாக மதிப்பிட்டது. அதாவது, நமது மஹல்லாவில் இந்த நோயுள்ளவர் ஒருவரும் இல்லை என்று எந்த முத்தவல்லியாவது சொன்னால், அவருக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள்.

இங்கே ஹனஃபி சட்ட நூல்களில் வரும் ஒரு நுட்பமான விவாதத்தை எடுத்துச் சொல்ல ஆசைப்படுகிறோம். கண் பார்வையற்றவருக்குக் கைபிடித்து அழைத்துச் செல்ல ஒருவர் கிடைத்தால் அவர் மீது ஜும்ஆ கடமையாகுமா? கடமையாகாது என்பது இமாம் அபூ ஹனீஃபா அவர்களின் முடிவு. கடமையாகும் என்பது அவர்களின் மாணவர்களான இமாம் அபூ யூசுஃப், இமாம் முஹம்மது ஆகியோரின் கருத்து. விவாதத்தின் வேர் இதுதான்: பிறருடைய சக்தியால் ஒருவர் சக்தி பெற்றவராகக் கருதப்படுவாரா? மாணவர்கள் ஆம் என்கிறார்கள். ஆசிரியர் இல்லை என்கிறார்கள். இரண்டு கருத்திலும் நமக்குப் பாடம் இருக்கிறது. கைபிடிப்பவர் இருந்தால், இயலாதவரும் இயன்றவரே. ஆகவே படுக்கையிலுள்ளவரைப் பார்த்து, இவரால் எங்கே நகர முடியும் என்று கைவிரிக்கலாகாது. அதே நேரத்தில், பிறரின் கை என்பது நம் கையைப் போல் எப்போதும் உடன் இருப்பதல்ல. அது வராமலும் போகலாம். ஆகவே ஒருவரை மட்டும் நம்பி ஏற்பாடு செய்யலாகாது. மருமகளுக்கே காய்ச்சல் வந்து படுத்துவிட்டால்?

இன்னொரு சட்டமும் உண்டு. பர்ளுத் தொழுகையில் நிற்கும்போது, பார்வையற்றவர் ஒருவர் கிணற்றை நோக்கி நடப்பதைக் கண்டால் தொழுகையை முறித்துவிட்டு ஓடிப்போய்த் தடுக்கவேண்டும். தொழுகையையே முறிக்கச் சொல்லும் மார்க்கம், தொலைக்காட்சித் தொடரையும், கல்யாண விருந்தையும், நாளைக்குப் பார்க்கலாம் என்ற சோம்பலையும் முறிக்கச் சொல்லாதா? நோயாளியைக் கவனிக்க வேறு ஆள் இல்லாதவருக்கு ஜமாஅத்தையும் ஜும்ஆவையும் விட அனுமதியுண்டு என்பதையும் இத்துடன் சொல்லிவிடுகிறோம். புயல் நாளில் தாயை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்து முதல் வரிசையில் நிற்பதில் சிறப்பொன்றும் இல்லை. மழை இரவுகளில், இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கோடு சேர்த்து அறிவிக்கச் செய்ததும் நபிவழிதானே! வானிலையைப் பற்றி ஊருக்குச் சொல்லும் வழக்கத்தை பாங்குமேடை அன்றே அறிந்திருந்தது. நம் பள்ளியின் ஒலிபெருக்கி அதற்குப் பயன்பட்டால் புதுமை எதுவும் புகுந்துவிடாது.

ஏர்வாடியை நாம் மறந்துவிடவில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. அது நெருப்பு, இது நீர் என்று தள்ளிவிட முடியாது. ஓடிப்போய்விடாமல் இருக்கவேண்டும் என்ற அக்கறையில் பூட்டப்படும் பூட்டு, ஓடவேண்டிய வேளையில் என்னவாகிறது என்பதுதான் கேள்வி. ஓலைக் கொட்டகையும் சங்கிலியும் நம் வீட்டில் இல்லை. ஆனால் வெளியே தாழிட்ட அறை இருக்கிறது. கடைக்குப் போகும்போது அத்தாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தனியாக எல்லாவற்றையும் சுமப்பவர்கள் அவர்கள். குறை கூறும் தகுதி நமக்கில்லை. ஆனால் இரண்டாவது சாவி ஒன்று அடுத்த வீட்டில் இருக்கட்டும். மழைக்காலத்தில் அதுகூட இல்லாமல் பூட்டுவது பெரும் ஆபத்து.

அப்படியானால், எச்சரிக்கை வந்தவுடன் எல்லோரையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடவேண்டுமா? இதுவும் அவ்வளவு எளிதல்ல. அமெரிக்காவில் 2005 ஆகஸ்ட் 29-ல் கத்ரீனா புயல் தாக்கியபோது, நியூ ஆர்லியன்ஸ் நகருக்கருகே செயின்ட் ரீட்டாஸ் என்ற முதியோர் இல்லத்தில் 35 பேர் மூழ்கி இறந்தார்கள். இல்லத்தை நடத்தியவர்கள் முதியோரை முன்கூட்டியே அப்புறப்படுத்தவில்லை. பலவீனமானவர்களை நெடுந்தூரம் கொண்டுபோனால் வழியிலேயே இறந்துவிடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. வழக்கு நடந்தது, 2007-ல் விடுவிக்கப்பட்டார்கள். அந்த அச்சம் வெறும் சாக்கல்ல. மறதி நோயுள்ளவர்களை இடம்பெயர்ப்பதே அவர்களில் இறப்பைக் கூட்டுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மறுபுறம், அதே புயலில் லூசியானா மாநிலத்தில் இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 75 வயதைக் கடந்தவர்கள். 2017-ல் இர்மா புயலின்போது ஃப்ளோரிடாவில் வேறொரு இல்லத்தில் 12 பேர் இறந்தது வெள்ளத்தால் அல்ல, புயல் போனபின் மின்சாரம் இல்லாத வெக்கையால்.

போவதும் ஆபத்து, இருப்பதும் ஆபத்து. எது சரி என்பதைத் தண்ணீர் வரும் தெருவா, கூரை தாங்குமா, மாடி உண்டா, மருந்து இருக்கிறதா என்ற விவரங்கள்தான் தீர்மானிக்கும். கடலோரத்திலும் ஆற்றோரப் பள்ளத்திலும் இருப்பவர் போய்த்தான் ஆகவேண்டும். அதையும் பகலில், காற்று எழும் முன், பக்கத்திலேயே தெரிந்த ஒரு வீட்டுக்குப் போவது மேல். மேட்டில் தளம் போட்ட வீட்டில் இருப்பவர், எல்லோரும் போகிறார்கள் என்பதற்காக நினைவு தப்பிய தாயைப் பேருந்தில் ஏற்றி அலைக்கழிக்கவேண்டியதில்லை. பிள்ளைகளா தாயா என்ற கொடுமையான கேள்வி இரவு இரண்டு மணிக்குத்தான் பிறக்கிறது. நண்பகலில் அந்தக் கேள்வியே இல்லை. அப்போது நால்வருக்கும் ஆட்டோவில் இடமிருக்கிறது.

இந்த இடத்தில் நம் சமுதாயத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புத்தி தடுமாறிய பெரியவரையும், வளர்ச்சி குன்றிய பிள்ளையையும் நாம் மறைத்து வைக்கிறோம். மகளுக்குச் சம்பந்தம் பேசவேண்டும், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று உள்ளறையில் வைத்துவிடுகிறோம். மறைத்து வைக்கப்பட்டவரை யார் வந்து தூக்குவார்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 8-ஆம் பிரிவு, பேரிடர் காலத்தில் அவர்களுக்குச் சமமான பாதுகாப்பு உண்டு என்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை அமைப்பு அவர்களின் விவரங்களைப் பதிவு செய்து வைத்திருக்கவேண்டும் என்றும், ஆபத்தை அவர்களுக்குத் தெரிவிக்கவேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. சட்டம் நல்ல சட்டம்தான். பெயரைக் கொடுக்காத வீட்டின் கதவை அது எப்படித் தட்டும்?

அரசாங்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஜமாஅத் என்ன செய்யலாம்? கல்யாணப் பதிவேடு வைத்திருக்கிறோம், சந்தாப் பதிவேடு வைத்திருக்கிறோம். இயலாதவர்களுக்கென்று ஒரு நோட்டு வைப்பதில் என்ன சிரமம்? எந்தத் தெரு, எந்தத் தளம், நடப்பாரா, தூக்கவேண்டுமா, காது கேட்குமா, ஆக்ஸிஜன் கருவி உண்டா, பராமரிப்பவர் யார், அவர் இல்லையென்றால் யார் என்பவை போதும். நோயின் வரலாறு வேண்டாம். நோட்டு பூட்டிய அலமாரியில் இருக்கவேண்டும். டீக்கடைப் பேச்சாகிவிட்டால் அடுத்த வருடம் ஒருவரும் பெயர் தரமாட்டார்கள். வீட்டுக்குள் போய்ப் பேசிப் பெயர் வாங்கும் வேலையை ஆண்களால் செய்ய முடியாது. நிஸ்வான் மதரஸா ஆலிமாக்கள் செய்யலாம். வங்கதேசத்தில் 1970 நவம்பரில் வந்த புயலில் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அதற்குப் பிறகு, கைஒலிபெருக்கியோடு வீடு வீடாகச் சென்று எச்சரிக்கும் தொண்டர் படை ஒன்றை அரசும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து அமைத்தன. இன்று அதில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். 2020-ல் அம்பன் புயல் வந்தபோது அங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டார்கள். இறந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு.

மாமியாரைக் கவனிப்பது மருமகளின் மார்க்கக் கடமை என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சட்டப்படி அந்தக் கடமை மகனுடையது. மருமகள் செய்வது உபகாரம், அதற்குத் தனி நன்மை உண்டு. ஆகவே, தம்மாமில் இருக்கும் மகன் மாதப்பணம் அனுப்பியதோடு தன் கடமை தீர்ந்தது என்று இருக்கக்கூடாது. அக்டோபர் பிறக்கும் முன், புயல் வந்தால் அம்மாவை யார் தூக்குவது என்பதை இரண்டு ஆட்களிடம் பேசி முடிவு செய்து, அவர்கள் பெயரை மனைவிக்குச் சொல்லவேண்டியது அவர் பொறுப்பு. தொலைபேசியில் செய்யக்கூடிய வேலைதான் அது.

இனி வீட்டுக்குள் செய்யவேண்டியவை. மறதி நோயுள்ளவருக்குப் புயலைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். செய்தி அவர் நினைவில் நிற்காது. பயம் மட்டும் நின்றுவிடும். தொலைக்காட்சியில் கூரைகள் பறக்கும் காட்சி ஓடிக்கொண்டிருந்தால் அது தம் அறையிலேயே நடப்பதாக நினைப்பார். “மழை பெய்யுதும்மா, நாம சேர்ந்து இருப்போம்” என்று சொன்னால் போதும். எங்க அத்தா கூப்பிடுறாக என்று எழுந்தால், அத்தா மௌத்தாகி நாற்பது வருடமாச்சு என்று திருத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புது மரணம். “மழை விடட்டும், போவோம்” என்று கைபிடித்து உட்காரவையுங்கள். பொழுது சாயும் நேரத்தில் தடுமாற்றம் கூடும். ஆகவே அதற்கு முன் சாப்பாடு, கழிவறை, மருந்து எல்லாம் முடிந்திருக்கட்டும். இருட்டைப் போல் அவரை அச்சுறுத்துவது வேறில்லை. மெழுகுவர்த்தியை அவர் கைக்கு எட்டும்படி வைக்காமல், பேட்டரி விளக்கு ஒன்றை இரவு முழுதும் எரியவிடுங்கள்.

இடம் மாறவேண்டியிருந்தால், கழன்றுவிடாதபடி அவர் உள்ளாடையில் பெயர், தெரு, இரண்டு தொலைபேசி எண்கள் எழுதிய துணியைத் தைத்துவிடுங்கள். தாளில் எழுதினால் நனைந்துவிடும். அண்மையில் எடுத்த புகைப்படம் ஒன்று உங்கள் கைப்பேசியில் இருக்கட்டும். அவர் தலையணை, பழைய துப்பட்டி, கையில் உருளும் தஸ்பீஹ் இவை உடன் வரவேண்டும்; புதிய இடத்தில் பழைய வீடு அவருக்கு அவற்றில்தான் இருக்கும். ஏழு நாள் மருந்தும், மருத்துவர் எழுதிய சீட்டும் ஒரு பிளாஸ்டிக் உறையில். மூக்குக் கண்ணாடி, காது கருவிக்கு மாற்று பேட்டரி, மாற்றுத் துணிகள், விழுங்கச் சிரமப்படுபவருக்குக் கஞ்சிமாவு. பல்செட்டை மறந்துவிட்டு முகாமில் ரொட்டியைக் கொடுத்துச் சாப்பிடச் சொல்வார்கள்! இன்சுலினுக்குப் பனிக்கட்டி கிடைக்காதபோது, சற்று ஈரமாக வைத்த மண்பானைக்குள், தண்ணீர் படாதபடி ஒரு டப்பாவில் வைக்கலாம்.

சக்கர நாற்காலியில் இருப்பவரைத் தூக்கும் முன் எப்படித் தூக்கவேண்டும் என்று அவரிடமே கேளுங்கள், அவருக்குத் தெரியும். பார்வையற்றவரைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளும்படி கொடுங்கள். காது கேளாதவர் தனி அறையில் உறங்கினால், அன்றிரவு அவர் பக்கத்தில் ஒருவர் படுக்கவேண்டும். கதவைத் தட்டினால் அவருக்குத் தெரியாது. வளர்ச்சி குன்றிய பிள்ளையைப் புயலுக்கு முன்பே ஓரிரு முறை அந்த இடத்துக்குக் கூட்டிப்போய்ப் பழக்கிவிட்டால், அன்று அடம் பிடிக்காது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்சுக்கு 108, முதியோர் உதவிக்கு 14567. இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கைப்பேசியில் மட்டும் இருந்தால், பேட்டரி தீர்ந்ததும் எண்களும் தீர்ந்துவிடும்.

முகாமுக்குப் போகப் பல குடும்பங்கள் தயங்குவதற்கு வெளியில் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அத்தா படுக்கையிலேயே சிறுநீர் கழித்துவிடுவார். அது ஒரு கூட்டத்தின் நடுவில், அதிலும் பள்ளிவாசலில் நேர்ந்துவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? தொழும் இடத்தில் நஜீஸ் படக்கூடாது என்பதும் உண்மைதான். ஆகவே தொழும் கூடத்தைத் தவிர்த்து, மதரஸா அறையையோ ஷாதி மஹாலையோ இவர்களுக்கென்று ஒதுக்குவதே முறை. அதையும் மீறி நேர்ந்துவிட்டால்? நாட்டுப்புற அரபி ஒருவர் மஸ்ஜிதுன் நபவியிலேயே சிறுநீர் கழித்தபோது தோழர்கள் பதறி எழுந்தார்கள். அண்ணலார் (ஸல்) அவரைத் தடுக்கவேண்டாம் என்று சொல்லி, முடித்தபின் அவ்விடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் செய்தார்கள். அறிந்து செய்தவருக்கே அந்த இரக்கம். அறியாமல் செய்யும் முதியவரைப் பார்த்து முகம் சுளிப்பவர், தாம் யாருடைய பள்ளியில் நிற்கிறோம் என்று யோசிக்கட்டும்.

புயல் போனபின் வரும் வாரத்தை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. கஜாவுக்குப் பிறகு டெல்டாக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்விசிறி இல்லை, மோட்டார் இல்லாததால் தண்ணீர் இல்லை, மருந்துக்கடை திறக்கவில்லை. பராமரிப்பவரின் உடம்பும் அப்போதுதான் ஓய்கிறது. அந்த வாரத்தில் அடுத்த வீட்டார் வந்து, “நீங்க ரெண்டு மணி நேரம் தூங்குங்கக்கா, நான் அம்மாகிட்ட இருக்கேன்” என்று சொல்வது, பிரியாணிப் பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பதைவிடப் பெரிய உதவி. பொட்டலம் கொடுக்க நம்மில் ஆள் நிறைய உண்டு. உட்கார்ந்திருக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. செப்டம்பர் ஜும்ஆ ஒன்றில் இந்த நோட்டைப் பற்றி அறிவித்து, மாத முடிவுக்குள் பெயர்களைச் சேர்த்துவிடலாம். கோடையில் அதை மீண்டும் புரட்டிப் பார்த்து, மௌத்தானவர்களின் பெயரை எடுத்துவிட்டு, புதிதாகப் படுக்கையில் விழுந்தவர்களின் பெயரைச் சேர்க்கவேண்டும். அதற்கிடையில், மதரஸா கட்டடத்தின் கீழ்த்தளக் கழிவறையில் சுவரோடு சேர்த்து ஒரு கைப்பிடிக் கம்பியும், வாசற்படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறும்படியான ஒரு சரிவும் போட்டுவிட்டால் நல்லது. கம்பி பதிக்க ஒரு கொத்தனாருக்கு அரைநாள் போதும், சரிவுக்கு இரண்டு நாள் ஆகும்.